சிறைக்குள் ஒரு சேரி

ஜெயிலுக்குள்ள போயிட்டா எல்லாரும் ஒண்ணு, நம்பர்தான் பேருன்னு சொல்லுவாங்க. அது பொய். ஊரையும் சேரியையும் பிரிக்கிற கோடு ஜெயில் மதிலைத் தாண்டி உள்ளேயும் போகிறது.

1955இல் ஐக்கிய நாடுகள் சபை, குற்றத் தடுப்பு பற்றிய தன் முதல் மாநாட்டை ஜெனீவாவில் கூட்டியது. குற்றத்தைத் தடுக்கப் போலீசும் பூட்டும் மட்டும் போதாது, பூட்டப்பட்டவனும் மனுசன்தான் என்று ஒப்புக்கொண்டு, கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச விதிகளை அங்கே ஏற்றார்கள். இனம், நிறம், மதம், பிறப்பு எதைக் காட்டியும் பாகுபாடு கூடாது என்றன அவை. 'பிறப்பு' என்ற சொல்லைக் கவனியுங்கள். நம்ம கதை முழுக்க அந்த ஒரு சொல்லுக்குள்தான் இருக்கிறது.

1964இல் நெல்சன் மண்டேலாவை ராபன் தீவுச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். கறுப்பருக்கு அரைக்கால் சட்டை. கூட வந்த இந்திய வம்சாவளித் தோழருக்கு முழுக்கால் சட்டை. இந்தியருக்கு ரொட்டி உண்டு, கறுப்பருக்குக் கிடையாது. ஒரே வழக்கு, ஒரே ஆயுள் தண்டனை, ஆனா தோலைப் பார்த்துச் சோறு. 2015இல் ஐ.நா. அந்த விதிகளைத் திருத்தியபோது, 27 வருசம் சிறையில் கிடந்த அந்த மனிதரின் பெயரையே அவற்றுக்குச் சூட்டியது.

தென்னாப்பிரிக்காவைப் பார்த்துக் கொதித்தோம், சரி. நம்ம ஜெயில் விதிகளைப் புரட்டிப் பார்த்தோமா? 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டு, சில கூட்டங்களில் பிறந்தாலே குற்றவாளி என்றான். 1952இல் அந்தச் சட்டம் போனது; அதன் புத்தி ஜெயில் விதிகளில் தங்கிவிட்டது. மேற்கு வங்க விதிப்படி, ராக்காவலுக்கு நிறுத்தும் கைதி 'தப்பியோடும் சுபாவமுள்ள' நாடோடிக் கூட்டத்தானாக இருக்கக் கூடாது. சமைக்கிறவன் 'தகுந்த' சாதி. கூட்டிப் பெருக்குகிறவன் மேத்தர், ஹரி போன்ற சாதி. உத்தரப் பிரதேச விதியோ, வெறுங்காவல் கைதிக்கு இழிவான வேலை தரக் கூடாது, அந்த வேலைக்குப் 'பழகிய' சமூகத்தான் என்றால் தரலாம் என்றது. பழக்கியது யார்?

நம்ம பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்த வழக்கில், மோதலைத் தடுக்கத்தான் என்ற அரசின் வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. குற்றத் தடுப்பு என்ற பேரில் சாதிக்கே காவல்!

பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் இந்த விதிகளைச் செல்லாது என்றது. தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவுக்கு இவை விரோதம் என்றது. பாளையங்கோட்டை வாதத்தையும் ஏற்கவில்லை. கைதிப் பதிவேட்டில் சாதிக் கட்டமே இருக்கக் கூடாது என்றது.

1955இல் எழுதிய ஒரு சொல் நம்ம ஜெயில் வாசலுக்கு வந்துசேர 69 வருசம். அதுவும் தானா வரலை. ஒருத்தர் போய்க் கேட்டதால வந்தது. தீர்ப்பு வந்துருச்சு. துடைப்பம் இன்னும் யார் கையில இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கிறது நம்ம வேலை.