உப்பும் வெடியுப்பும்: ஆற்காட்டு நிலப்பகுதியில் அரசின் முற்றுரிமையும் வருவாயும்

முன்னுரை

வெடிமருந்து விற்பனையைத் தன் கையில் வைத்து வருவாய் ஈட்டிய அரசுகள் பல. பிரான்சில் 1775இல் வெடிமருந்துத் துறை அரசின் நேரடி நிருவாகத்துக்கு வந்தது. வேதியியலறிஞர் லவாய்சியே அதன் பொறுப்பாளருள் ஒருவர். ஆற்காட்டிலோ வெடிமருந்தின் மூலப்பொருளான வெடியுப்பை அரசு கட்டுப்படுத்தியதற்கு உப்பு வருவாயும் காரணமாயிற்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முற்றுரிமையின் அமைப்பு

1801இல் கருநாடக நவாபின் ஆட்சியுரிமை கும்பினியிடம் சென்றது. நான்காண்டுகளில், 1805இல், சென்னை மாகாணத்தில் உப்பு முற்றுரிமை ஏற்பட்டது. உப்பளத்தார் அரசுக்கே விற்க வேண்டும்; அரசு குறித்த விலைக்கே மக்கள் வாங்க வேண்டும். பின்னர்த் தனியார் விற்பனைக்கு இடமளித்தபோதும் வரி நீடித்தது. 1888இல் மணங்கொன்றுக்கு 2 ரூபாய் 8 அணா, அதாவது கிலோவுக்கு ஏறக்குறைய ஓரணா வரி. 1907இல் அது 1 ரூபாயாகக் குறைந்தது. கடலற்ற வட ஆற்காட்டில் சோற்றுக்கு மட்டுமன்றி, வேலூர், ஆம்பூர் வட்டாரத்துப் பச்சைத்தோல் அழுகாமல் காக்கவும் உப்பு தேவைப்பட்டது.

உவர்மண்ணும் வெடியுப்பும்

உள்நாட்டில் உப்பிலியர், உப்பரர் முதலானோர் உவர்மண்ணைக் கரைத்து, வடித்து, காய்ச்சி உப்பு எடுத்தனர். வெடியுப்பு எடுக்கும் முறையும் இதுவே. அதைச் சுத்திகரிக்கையில் கறியுப்பும் பிரியும். வரி செலுத்தாத அவ்வுப்பு அரசின் வருவாயைக் குறைக்கும். எனவே மண்ணுப்புத் தொழில் ஒடுக்கப்பட்டது. வெடியுப்புக் காய்ச்சுதல் உப்புச் சட்டங்களின் கண்காணிப்புக்கு உட்பட்டது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் ஈயம், கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றை அறிவிக்கையால் கட்டுப்படுத்த இடமளித்தது. ஒரு சட்டம் கலகத்தை அஞ்சியது. மற்றொன்று வருவாயிழப்பை அஞ்சியது. இரண்டுக்கும் இடையில் மரபுத்தொழில் இழந்தோர் ஏரி வெட்டும் மண்வேலைக்குச் சென்றனர்.

முடிவுரை

முற்றுரிமையின் வருவாய் பொருளின் அருமையால் வருவதன்று. வாங்குவோர் அதைத் தவிர்க்க இயலாமையால் வருவது. தோட்டாவை வாங்குவோர் சிலர். உப்பை வாங்காதவர் எவருமில்லை. அதனாலேயே ஆங்கில அரசு தோட்டா விற்பனையை உரிமம் பெற்ற வணிகரிடம் விட்டு, உப்பைத் தன்வசம் வைத்தது. 1930இல் வேதாரணியத்தில் இராசாசி தலைமையில் எழுந்த எதிர்ப்பின் பொருளும் இதுவே. உப்பு வரி 1947இல் நீங்கியது. முற்றுரிமையை மதிப்பிடுவோர் கருவூலத்துக்கு வந்த தொகையுடன், தடுக்கப்பட்ட தொழில்களையும் கணக்கிடல் வேண்டும்.