மெய்நிகர் இயந்திரங்களுக்கு வன்பொருள் ஒப்படைப்பு (லினக்ஸ்)

வன்பொருள் ஒப்படைப்பு என்பது ஒரு கணினியிலுள்ள வரைகலை அட்டை, பிணைய அட்டை, யூ.எஸ்.பி கருவி முதலியவற்றை, அக்கணினியில் இயங்கும் மெய்நிகர் இயந்திரம் ஒன்றின் நேரடிக் கட்டுப்பாட்டில் விடும் முறையாகும். மெய்நிகர் இயந்திரத்தைத் தாங்கும் இயங்குதளம் புரவலன் எனவும், அதனுள் இயங்குவது விருந்தினர் எனவும் அழைக்கப்படும்.

== பின்னணி ==

தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககாலக் கணினிகளில் விண்டோசும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே நிறுவப்பட்டிருந்தன. பெரம்பலூர், அரியலூர் உட்பட எல்லா மாவட்டங்களுக்கும் உரிய திட்டம் இது. அவற்றில் ஒரு நேரத்தில் ஓர் இயங்குதளத்தையே தொடக்க முடியும். மெய்நிகராக்கம் இரண்டையும் ஒருங்கே இயக்குகிறது. லினக்ஸ் கருனியின் கே.வி.எம் கூறு இதற்கு உதவுகிறது. இது 2007 இல் வெளியான 2.6.20 பதிப்பில் இடம்பெற்றது. வன்பொருளைப் பாதுகாப்பாக ஒப்படைக்கும் வி.எஃப்.ஐ.ஓ கூறு 2012 இல் 3.6 பதிப்பில் சேர்ந்தது.

== செயற்பாடு ==

பல கருவிகள் செயலியின் துணையின்றித் தாமே முதன்மை நினைவகத்தைப் படிக்கவும் எழுதவும் வல்லவை. விருந்தினர் அறிந்த நினைவக முகவரிகளோ உண்மை முகவரிகள் அல்ல. எனவே கருவி தவறான இடத்தில் எழுதினால் புரவலனின் தரவு அழியும். இதனைத் தடுத்து முகவரிகளை மொழிபெயர்ப்பது ஐ.ஓ.எம்.எம்.யூ எனும் வன்பொருள் அலகு. இன்டெல் இதனை வி.டி-டி என்றும், ஏ.எம்.டி இதனை ஏ.எம்.டி-வி.ஐ என்றும் அழைக்கின்றன.

== பிழைகளும் தீர்வுகளும் ==

பெருங்குழப்பம் பெயரில் தொடங்குகிறது. வி.டி-எக்ஸ் செயலியின் மெய்நிகராக்க வசதி, வி.டி-டி வேறு. முன்னது மட்டும் இருந்தால் மெய்நிகர் இயந்திரம் நன்கு இயங்கும், ஒப்படைப்பு மட்டும் தோற்கும். ஆகவே முதலில் பயாஸ் அமைப்பில் இரண்டும் இயக்கப்பட்டுள்ளனவா எனக் காணவேண்டும். இன்டெல் கணினிகளில் பல வழங்கல்களுக்குக் கருனியின் தொடக்க அளவுருக்களிலும் ஐ.ஓ.எம்.எம்.யூவை இயக்கச் சொல்லவேண்டும். கருனியின் தொடக்கச் செய்திகளில் அதன் பெயர் தென்படாவிடில் அடுத்த படிகளுக்குச் செல்வது வீண்.

அடுத்தது குழுச் சிக்கல். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காக்க இயலாத கருவிகளைக் கருனி ஒரே குழுவில் வைக்கிறது. வரைகலை அட்டையும் அதிலுள்ள ஒலிக்கூறும் பெரும்பாலும் ஒரே குழுவினவே. இரண்டையும் சேர்த்தே வழங்கவேண்டும். ஆனால் அதே குழுவில் புரவலனின் வன்தட்டுக் கட்டுப்படுத்தியும் இருந்தால் அதனைக் கொடுத்துவிட முடியாது. கொடுத்தால் புரவலன் தன் கோப்பு முறைமையையே இழக்கும். அட்டையை வேறு செருகுவாய்க்கு மாற்றுவதே நல்ல வழி. குழுக்களை வலிந்து பிரித்துக் காட்டும் ஏ.சி.எஸ் ஒட்டு ஒன்றும் புழக்கத்தில் உள்ளது. அதிகாரபூர்வக் கருனியில் இது ஏற்கப்படவில்லை. அதனால் பிழைச்செய்தி மறையுமே தவிர, உண்மையான பிரிப்பு உண்டாகாது. நம்பிக்கையற்ற மென்பொருளை விருந்தினரில் சோதிப்போர் இதனைத் தவிர்ப்பதே நலம்.

குழு சரியாயிருந்தும் ஒப்படைப்பு தோற்றால், புரவலனின் இயக்கி மென்பொருள் அக்கருவியை முன்னரே பற்றிக்கொண்டிருக்கலாம். எல்.எஸ்.பி.சி.ஐ கட்டளை அதனைக் காட்டும். கணினி தொடங்கும்போதே வி.எஃப்.ஐ.ஓ இயக்கி முந்திக்கொள்ளும்படி அமைக்கவேண்டும்.

நினைவகப் பற்றாக்குறைச் செய்தியும் அடிக்கடி வருவதே. ஒப்படைப்பின்போது விருந்தினரின் நினைவகம் முழுவதும் பூட்டப்படுகிறது. 8 ஜி.பி கணினியில் விருந்தினருக்கு 6 ஜி.பி தந்தால், அது வெறுமனே இருந்தாலும் எஞ்சிய 2 ஜி.பியில்தான் புரவலன் இயங்கவேண்டும். போதிய நினைவகம் இருந்தும் இச்செய்தி வந்தால் பூட்டத்தக்க நினைவகத்தின் உச்சவரம்பை உயர்த்திப் பார்க்கலாம்.

விண்டோசு விருந்தினரில் என்விடியா ஜிஃபோர்சு அட்டைகள் காட்டிவந்த 43 ஆம் எண் பிழை, பெரும்பாலும் இயக்கியே விதித்த தடையால் நேர்ந்தது. 2021 இல் அந்நிறுவனமே அத்தடையை நீக்கியது. ஏ.எம்.டியின் சில வரைகலை அட்டைகள், விருந்தினரை நிறுத்தியபின் தொடக்க நிலைக்குத் திரும்புவதில்லை. அப்போது புரவலனையே மீள்தொடக்கம் செய்ய நேரிடும்.

== யூ.எஸ்.பி கருவிகள் ==

லினக்ஸுக்கு இயக்கி இல்லாத பழைய அச்சுப்பொறிக்காக மட்டும் விண்டோசு விருந்தினரை வைத்திருப்போருக்கு மேற்கண்டவற்றுள் பெரும்பாலானவை தேவையில்லை. தனியொரு யூ.எஸ்.பி கருவியை வழங்க ஐ.ஓ.எம்.எம்.யூ வேண்டியதில்லை. கழற்றிச் செருகும்போது கருவியின் முகவரி எண் மாறிவிடுவதால் இணைப்பு அறுபடும். முகவரிக்குப் பதிலாகத் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் அமைப்பில் குறிப்பிடவேண்டும். ஒரே வகைக் கருவிகள் இரண்டு இருந்தால் இம்முறை உதவாது. அப்போது செருகுவாயின் எண்ணைக் கொண்டு அடையாளம் காட்டவேண்டும்.