ஷூமேக்கர் போன இடம்

யூஜின் ஷூமேக்கருக்கு நிலவுக்குப் போகணும். அப்பல்லோ வீரர்களுக்கு நிலவியல் சொல்லிக்கொடுத்தவர். அடிசன் நோய் அவரைப் பூமியிலேயே நிறுத்திவிட்டது. 1997இல் ஆஸ்திரேலியாவில், விண்கல் பள்ளங்களை ஆராயப் போன இடத்தில், கார் விபத்தில் இறந்தார்.

அவருடைய சாம்பலில் கொஞ்சம் லூனார் ப்ராஸ்பெக்டர் விண்கலத்தில் ஏறியது. எரிபொருள் தீரப்போகிறது, வீணாக விழுவானேன் என்று 1999 ஜூலை 31 அன்று அதைத் தென்துருவத்தருகே வெயிலே படாத பள்ளம் ஒன்றில் மோதவிட்டார்கள். உள்ளே பனி இருந்தால் நீராவி கிளம்பணும். ஹபிள்கூடப் பார்த்தது. ஒண்ணும் தெரியல.

எனக்கு இது தோல்வியாகப் படவில்லை. எங்கள் தொழிலில் இதைவிட மோசமான காரணங்களுக்காக டெஸ்ட் ஓட்டியிருக்கிறோம். 2009 அக்டோபர் 9 அன்று கேபியஸ் பள்ளத்தில் ஒரு காலி ராக்கெட்டை மோதினார்கள். இந்த முறை தண்ணீர் தெரிந்தது.

ஷூமேக்கர் விழுந்த பள்ளத்துக்கு இப்போது அவர் பெயர்தான்.