பழைய யந்திரத்திலிருந்து புதியதற்கு

1987-ஆம் வருஷம் ஐபிஎம் கம்பெனியார் பிஎஸ்/2 வரிசைக் கணினிகளை வெளியிட்டபோது, அதுவரை வழக்கத்திலிருந்த 5¼ அங்குல ஃபிளாப்பியைக் கைவிட்டு 3½ அங்குலத் தட்டை ஏற்றார்கள். அதன் பயனாக, பழைய யந்திரத்தில் பாடுபட்டுச் சேர்த்த கடிதங்களும் கணக்குகளும் புதியதனுள் நுழைய வழியின்றி நின்றன. இந்தச் சங்கடத்தை அதற்கு முன்பே அனுபவித்தவர்கள் மடிக்கணினிக்காரர்கள். அவர்களுக்குப் பரிகாரமாக வந்தது, மார்க் எப்லியின் டிராவலிங் சாஃப்ட்வேர் கம்பெனி விற்ற லாப்லிங்க் என்னும் நிரலும் அதன் கேபிளும்.

அந்தக் கேபிள் செருகப்பட்ட அக்காலத்து அச்சுப்பொறித் துவாரம் ஒரே சமயத்தில் 8 பிட்டுகளை வெளியே அனுப்பும். உள்ளே வாங்கவோ 5 கம்பிகளே உண்டு. அவையும் காகிதம் தீர்ந்தது, வேலை மும்முரம் என்று அச்சுப்பொறி முறையிடுவதற்காக ஏற்பட்டவை. அவற்றில் நான்கின் வழியே தரவையும், எஞ்சிய ஒன்றின் வழியே சமிக்ஞையையும் அனுப்பி, ஒவ்வொரு பைட்டையும் இரு பாதிகளாகப் பிளந்து கொண்டுசேர்த்த யுக்தி, என் அபிப்பிராயத்தில், பின்னால் வந்த ஆடம்பரங்களைவிட ரஸமானது.

கோப்புகளைக் காட்டிலும் அமைப்புகளை மாற்றுவதே கஷ்டம். டாஸ் காலத்தில் அவை பெரும்பாலும் கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற இரண்டு சிறு கோப்புகளில் அடங்கிவிடும். விண்டோஸ் 95-க்குப் பின்னரோ ரெஜிஸ்ட்ரி என்னும் ஆரண்யத்தில் சிதறிப்போயின. ஆகவே 2001-இல் எக்ஸ்பியுடன் இதற்கென்றே ஒரு வழிகாட்டி நிரலை மைக்ரோஸாஃப்ட் சேர்த்தது. விஸ்டாவில் அது ‘ஈஸி டிரான்ஸ்ஃபர்’ ஆயிற்று. 2015-இல் வெளியான விண்டோஸ் 10 அச்சௌகரியத்தை விலக்கிவிட்டு, ஒன்டிரைவ் என்னும் இணையக் கிடங்கை முன்வைத்தது; மறுவருஷமே அங்கே இலவச இடம் 5 ஜிகாபைட்டாகக் குறுகிற்று.