எலிக்காய்ச்சலும் கல்லீரல் பாதிப்பும்

எலிக்காய்ச்சல், லெப்டோஸ்பைரா என்னும் சுருள்வடிவ பாக்டீரியாவால் விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் தொற்று. மஞ்சள் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் சேர்ந்து வரும் இதன் கடுமையான வடிவத்தை 1886-இல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் வைல் விவரித்ததால், அது வைல் நோய் எனப்படுகிறது.

பரவும் சூழல்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் முல்லைப் பெரியாற்று நீரால் இருபோக நெல் விளைகிறது. நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு ஆகியவை பெரும்பாலும் வெறுங்காலோடு சேற்றில் நின்று செய்யும் வேலைகள். எலி, பெருச்சாளி, மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரில் வெளியேறும் இக்கிருமி ஈர மண்ணில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். சேற்றுப்புண், கீறல், கண் வழியாக உடலில் நுழையும். நெல் வயல் வேலை இந்நோய்க்கான ஆபத்துள்ள தொழில்களில் ஒன்றாக உலகெங்கும் கருதப்படுகிறது. இப்பகுதியிலிருந்து குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களும், ஆண்டுதோறும் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பதிவாகும் கேரளத்தில் வேலை செய்கிறார்கள்.

கல்லீரலில் நடப்பது

பல பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள எண்டோடாக்சின் என்னும் நச்சு, கல்லீரலின் நோயெதிர்ப்புச் செல்களான குப்ஃபர் செல்களைத் தூண்டிவிடும். அவை சுரக்கும் அழற்சிப் பொருள்கள் பித்த ஓட்டத்தை மந்தப்படுத்தும். லெப்டோஸ்பைராவின் எண்டோடாக்சினுக்கு வீரியம் குறைவு. ஆனால் செல் சவ்வின் கொழுப்பைச் சிதைக்கும் ஸ்பிங்கோமையலினேஸ் வகை நொதிகள் போன்ற வேறு நச்சுப் பொருள்கள் அதனிடம் உண்டு.

2014-இல் வெளியான ஹாம்ஸ்டர் ஆய்வொன்று காமாலையின் காரணத்தை நெருக்கமாகக் காட்டியது. கிருமிகள் கல்லீரல் செல்களின் இடைவெளிகளுக்குள் புகுந்து, அடுத்தடுத்த செல்களைப் பிணைக்கும் இணைப்புகளைப் பிரித்துவிடுகின்றன. அந்தச் செல்களுக்கு இடையே ஓடும் நுண்ணிய பித்தக் கால்வாய்களின் சுவர் விரிசல் விட, பித்தம் கசிந்து இரத்தத்தில் கலக்கிறது. செங்கல் இருக்கக் காரை பெயர்ந்த சுவர் போன்றது இந்நிலை.

செல்கள் பெருமளவு அழிவதில்லை என்பது ஆய்வக முடிவுகளிலும் தெரியும். இரத்தத்தில் பித்த நிறமியான பிலிருபின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினாலும், செல் அழிவைக் காட்டும் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. நொதிகள் பெரும்பாலும் 200 அலகைத் தாண்டுவதில்லை. வைரஸ் கல்லீரல் அழற்சியில் அவை ஆயிரங்களில் ஏறும். எலிக்காய்ச்சலில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் சிறுநீரகச் செயலிழப்பும் நுரையீரல் இரத்தக்கசிவும்தான். பிழைத்தவர்களுக்குக் கல்லீரல் பொதுவாக முழுமையாகத் தேறிவிடும்.

அறிகுறியும் சிகிச்சையும்

கிருமி நுழைந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல், தலைவலி, பீளை வடியாத கண்சிவப்பு, தொட்டாலே வலிக்கும் கெண்டைக்கால் சதை ஆகியவை தோன்றும். காமாலை என்று கீழாநெல்லி மட்டும் அரைத்துக் குடித்துக் காத்திருந்தால், மருந்து நன்கு வேலை செய்யும் முதல் நாட்கள் கைநழுவும். லேசான நோய்க்கு டாக்சிசைக்ளின், கடுமையானதற்குப் பென்சிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன் ஊசி தரப்படும். சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸ் தேவைப்படலாம். எலி ஒழிப்பு, ரப்பர் காலணி, புண்ணுக்குக் கட்டு ஆகியவை முக்கியத் தடுப்புமுறைகள். காய்ச்சலுடன் மருத்துவரிடம் செல்பவர், அண்மையில் எந்த வயலில், எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார் என்பதைச் சொல்வது நோயறிதலை விரைவாக்கும்.