மைசூர் அரசின் மனநல மருத்துவமனை: பெயரும் பராமரிப்பும்

இன்று 'நிமான்ஸ்' என்று அறியப்படும் பெங்களூர் நிறுவனத்தின் வரலாறு 1847இல் அங்கு நிறுவப்பட்ட 'லூனட்டிக் அசைல'த்திலிருந்து தொடங்குகிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1925இல், அது 'மைசூர் அரசு மென்டல் ஹாஸ்பிட்டல்' ஆயிற்று. சென்னைக் கீழ்ப்பாக்கம் அசைலமும் 1920களிலேயே இவ்வாறு பெயர் மாறியது. காப்பிடம் என்ற சொல் நீங்கி மருத்துவமனை என்ற சொல் வந்ததால் உள்ளிருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதே இங்குக் கேட்க வேண்டிய கேள்வி.

மைசூரைப் பொறுத்தவரை, ஓரளவு கிடைத்தது. பெயர்ப் பலகையோடு அரசு நின்றுவிடவில்லை. ஃபிராங்க் நொரோனா, அவருக்குப் பின் எம். வி. கோவிந்தசாமி என இரு மருத்துவர்கள் வெளிநாட்டில் மனநல மருத்துவம் பயின்று வந்து மருத்துவமனையை நடத்தினர். 1930களில் நகரின் நெரிசலை விட்டு விசாலமான புதிய வளாகத்துக்கு மருத்துவமனை இடம்பெயர்ந்தது. லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையின் எட்வர்ட் மேப்பதர், கொழும்பு அங்கொடை மருத்துவமனையை ஆராய இலங்கை அரசின் அழைப்பில் வந்தபோது இந்தியாவிலும் பயணம் செய்தார். பல இடங்களில் அவர் கண்டவை நெரிசலும் பயிற்சி பெற்ற ஆளில்லாக் குறையும். பெங்களூரை அவர் பாராட்டினார். ஒரு சமஸ்தானம் பிரிட்டிஷ் மாகாணங்களை முந்தியதை மன்னரின் பெருந்தன்மையாக மட்டும் விளக்குவது எளிது. பயிற்சிக்குச் செலவிட்டதே முதன்மைக் காரணம் எனக் கொள்வது பொருத்தம். தலைநகரான மைசூரின் குடும்பங்களுக்கு மட்டும் அந்த மருத்துவமனை ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்தது.

பிற இடங்களின் நிலையை 1946ஆம் ஆண்டின் போர் குழு அறிக்கை காட்டுகிறது. அக்குழுவுக்காக மனநல மருத்துவமனைகளைப் பார்வையிட்ட கர்னல் மூர் டெய்லர், அவற்றில் பெரும்பாலானவை அடைத்துக் காப்பதற்காகக் கட்டப்பட்டவை, குணப்படுத்தும் நோக்கம் அவற்றின் அமைப்பிலேயே இல்லை என்று எழுதினார். நாடு முழுமைக்கும் அப்போது இருந்த படுக்கைகள் சுமார் 10,000. சட்டமும் பழையதாகவே இருந்தது. 'ஹாஸ்பிட்டல்' என்ற பெயரோடு இயங்கிய நிறுவனங்களை 1912ஆம் ஆண்டின் இந்திய லூனசி சட்டம்தான் ஆண்டது. 1987இல் நிறைவேறிய புதிய சட்டம் 1993இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆக, நோயாளி எனப் பலகையிலும் 'லூனட்டிக்' எனச் சட்டத்திலும் ஒருவரே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இரு பெயர்களில் வாழ்ந்தார்.

மின்னதிர்வுச் சிகிச்சையின் வரலாறு இன்னும் நுட்பமானது. 1938இல் ரோமில் தோன்றிய இம்முறை விரைவில் இந்தியாவுக்கும் வந்தது. கடும் மனச்சோர்வில் அது பயன் தருகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் மயக்க மருந்தின்றி வலிப்பு தூண்டப்பட்டபோது தசைகளின் இறுக்கத்தால் முதுகெலும்பு முறிவுகள் நேர்ந்தன. தசைத் தளர்த்தி மருந்துகள் 1950களில் பயன்பாட்டுக்கு வந்தபின் இந்த ஆபத்து பெரிதும் தவிர்க்கக்கூடியதாயிற்று. ஆயினும் மயக்கவியல் மருத்துவர் போதவில்லை என்ற காரணத்தால் இந்தியாவின் பல இடங்களில் பழைய முறை பல பத்தாண்டுகள் நீடித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே, அதன் 95ஆம் பிரிவில், அதைத் தடை செய்தது. தீர்வு அறியப்பட்டதற்கும் கட்டாயமானதற்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல்.

வார்டுக்குள் வேறொரு மாற்றம் சட்டத்தின் துணையின்றியே நிகழ்ந்தது. அமிர்தசரஸில் வித்யா சாகர் 1950களில் நோயாளியின் குடும்பத்தினரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957இல் தொடங்கியபோதும் உறவினர் உடனிருப்பது அதன் நடைமுறையாயிற்று. உறவினர் கண்முன் அடிப்பதும் பட்டினி போடுவதும் எளிதல்ல. எந்த ஆய்வுக் குழுவையும்விட இது நெருக்கமான கண்காணிப்பு. குடும்பமே கைவிட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பது அதன் குறை.

அக்குறையின் கோர வடிவம் ஏர்வாடி. 2001 ஆகஸ்டு 6 அதிகாலை, தர்காவைச் சூழ்ந்திருந்த தனியார் காப்பகங்களுள் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் தேசிய மனித உரிமை ஆணையம், நிமான்ஸுடன் இணைந்து 37 அரசு மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டிருந்தது. ஏர்வாடியின் காப்பகங்களோ மருத்துவமனைக் கணக்கிலேயே வராதவை.

மொழியும் இவ்வரலாற்றிலிருந்து தப்பவில்லை. கன்னடத்தின் 'ஹுச்சாஸ்பத்ரெ'யை மாற்றவந்த 'நிமான்ஸ்' இன்று அங்கே கேலிச் சொல்லாகிவிட்டது. தமிழில் 'கீழ்ப்பாக்க'த்துக்கும் 'ஏர்வாடி'க்கும் அதே கதி. மொழியியலார் இதை இழிபொருட்பேறு என்பர். பராமரிப்பின் மீதான அச்சம் நீடிக்கும்வரை, எந்தப் புதிய பெயரிலும் பழைய பொருள் குடியேறிவிடுகிறது.

2017ஆம் ஆண்டுச் சட்டம் பெயர்களைவிடச் செயல்களை வரையறுத்ததில் அதன் சிறப்பு இருக்கிறது. 97ஆம் பிரிவின்படி தனியறையில் அடைத்தல் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் அனுமதியோடு ஒருவரைக் கட்டி வைக்கலாம். காரணமும் கால அளவும் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அவருடைய நியமனப் பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும். பணியாளர் பற்றாக்குறையை மட்டும் காரணமாக்கி எவரையும் கட்டலாகாது என்று அப்பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. 1946இல் மூர் டெய்லர் பார்த்த கட்டடங்களிலும், மயக்க மருந்தின்றிச் சிகிச்சை நடந்த அறைகளிலும் சொல்லப்பட்டுவந்த சமாதானம் அதுவே.