எண்ணெய்க் கிணற்றுக் குழாய் மரைகளும் நகலெடுப்பின் ஆபத்தும்

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் இறக்கப்படும் உறைக்குழாய்களை மரை வெட்டிப் பூட்டுவார்கள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் (ஏபிஐ) வெளியிட்ட அளவுகளின்படி வெட்டும் மரை எல்லோருக்கும் பொதுவானது. தனி உரிமை இணைப்புகள் வேறு. வடிவமைத்த நிறுவனமோ அதனிடம் உரிமம் பெற்ற பட்டறையோ மட்டுமே அவற்றை வெட்டலாம். பிரான்சின் வல்லூரெக் 1965இல் கொண்டுவந்த ‘வாம்’ இவற்றில் பெயர்பெற்றது. 2007இல் ஹைட்ரிலை வாங்கிய டெனாரிஸும் இத்துறையில் முன்னணியில் உள்ளது.

பொது மரையில் பற்களுக்கு இடையே எஞ்சும் இடுக்கைப் பூசுபசைதான் அடைக்கிறது. அழுத்தம் மிகுந்த வாயு அதைத் தாண்டிக் கசியக்கூடும். உரிமை இணைப்பில் மரை சுமையைத் தாங்க, உலோகத்தோடு உலோகம் அழுந்தும் வளையம் வாயுவைத் தடுக்கிறது; உள்ளே ஒரு தோள் பூட்டை உரிய எல்லையில் நிறுத்துகிறது. வளையம் எவ்வளவு அழுந்த வேண்டும் என்பது மிக நுண்ணிய அளவு.

நகலெடுப்பவர் பெரும்பாலும் ஒரு குழாய்த்துண்டை அளந்து தொடங்குகிறார். அந்தத் துண்டு, அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கத்துக்குள் எங்கோ அமைந்த ஒன்று. அந்த எல்லைகள் எவை என்பதை அது சொல்லாது. ஒருமுறை முறுக்கிக் கழற்றிய துண்டாக இருந்தால் வளையமே சற்று நசுங்கியிருக்கும். உலோகம் உலோகத்தைப் பிடித்துக் கிழிக்காமல் காக்கும் மேற்பூச்சையும், பூட்ட வேண்டிய முறுக்கு விசையையும் அளவுகோலால் எடுக்க முடியாது. அதனால் தோற்றத்தில் குறையில்லாத நகல், மூலத்தின் முறுக்கு அட்டவணைப்படி பூட்டப்பட்டும் தளர்வாகவோ அளவுக்கு மீறி நெருக்குண்டோ நிற்கலாம். அசல் குழாயை நகல் இணைப்பானில் கலந்து பூட்டுவது இதைவிட மோசம். பிறகு பொறுப்பேற்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

மேற்குக் கனடாவில், ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணற்பகுதியில், நீராவி செலுத்தும் கிணறுகள் இணைப்புகளைக் கொடுமையாகச் சோதிக்கின்றன. சிமெண்டில் இறுகிய குழாய் சூடாகும்போது நீள இடமின்றி நசுங்குகிறது, குளிரும்போது இழுபடுகிறது. இந்தச் சுழற்சி திரும்பத் திரும்ப நிகழும். இத்தகைய கிணறுகளுக்கென 2013இல் ஐஎஸ்ஓ 12835 என்ற சோதனை முறை வெளியானது. மற்றக் கிணறுகளுக்கு ஏபிஐ 5சி5 நான்கு தரநிலைகளில் இழுவை, அமுக்கம், வளைவு, வாயு அழுத்தம் ஆகியவற்றைக் கூட்டிச் சோதிக்கிறது. ஓர் அளவில் தேறியது மற்ற அளவில் தேறியதாகாது. நகலுக்கு இந்தச் சோதனை வரலாறே கிடையாது. விலை மலிவு என்று அதை வாங்குவதை நியாயப்படுத்த முடியாது: சிமெண்டிட்ட குழாயை எளிதில் வெளியே எடுக்க முடியாது, கசியும் வாயு நிலத்தடி நீர்வரை ஏறலாம்.

சட்டநிலை தனி. கனடாவில் காப்புரிமை விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு. பிறகு வடிவத்தைப் பிறர் வெட்டலாம். ஆனால் வணிகக்குறியைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். காலாவதியான வடிவத்தை வெட்டுபவரும் மூலப்பெயரை இட்டு விற்க முடியாது. வாங்குபவர் உரிமம் பெற்ற பட்டறையின் சான்றையும், குழாயில் பொறித்த வார்ப்பு எண்ணையும், ஒவ்வொரு பூட்டுக்கும் பதிவான முறுக்கு வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தே கிணற்றில் இறக்க வேண்டும்.